டிராக்குக்கு முந்தைய ராத்திரி ஒரு திருகாணி

டார்ச் வெளிச்சத்தில் முதலில் அது சின்னக் கல் மாதிரிதான் தெரிந்தது. என் காரின் பின்பக்க இடது டயரில், பட்டன்களுக்கு (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே, பளபளவென்று. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. முட்டி போட்டுக் குனிந்து பார்த்தால், பாதி தேய்ந்துபோன ஒரு கூட்டல் குறி. திருகாணியின் தலை.

மணி ராத்திரி ஒன்பதரை. மறுநாள் டிராக் நாள், அதாவது சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் வேகமாக ஓட்டிப் பார்க்கிற நாள். காலை ஏழு மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது, ஹெல்மெட் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் மனசுக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும்: இதை எப்படி அடைப்பது? இந்த டயரோடு போகலாமா என்ற கேள்வி வராது. எனக்கும் வரவில்லை.

உடனே ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தேன். முதல் தப்பு அதுதான். மூன்று சுற்று வரைக்கும் ஒன்றுமில்லை. நாலாவது சுற்றில் மெல்லிசாக ஒரு சீறல், அதற்கடுத்து விரலில் குளிர்ந்த காற்று. பதறிப்போய் மறுபடி உள்ளே திருகினேன். அதற்குள் ஓட்டை அகன்றுவிட்டது, சீறல் நிற்கவில்லை.

டயரில் குத்தியிருக்கும் ஆணியே அந்த ஓட்டைக்கு நல்ல அடைப்பான். அதை விட்டுவைத்தால் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் போகும், டயர் கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அதோடு, குத்திய எல்லாமே உள்ளே வரை போயிருக்கும் என்றும் இல்லை. புது டயரின் பட்டனே சுமார் 8 மில்லிமீட்டர் உயரம், அதற்குக் கீழே இன்னும் ரப்பர், அதற்குக் கீழே இரும்புக் கம்பி அடுக்கு. குட்டைத் திருகாணி என்றால் பட்டனோடு நின்றிருக்கும். அதனால் முதலில் காற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். பிடுங்குகிற வேலை, பிடுங்கியதைச் சரிசெய்ய ஆளும் கருவியும் இருக்கிற இடத்தில் நடக்கட்டும்.

சரி, நான் பிடுங்கியாகிவிட்டது. டிக்கியில் ஸ்ட்ரிப் செட் இருந்தது, டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகி அடைக்கிற கருவிப்பெட்டி. ரம்பப் பல் வைத்த ஊசியை ஓட்டைக்குள் விட்டு, உள்ளங்கை சிவக்கிற வரை ஏற்றி இறக்கினேன். பிசுபிசுவென்று ஒட்டும் பழுப்பு நிற ஸ்ட்ரிப்பை இன்னொரு ஊசியின் காதில் கோத்து, பசை தடவி, உடம்பு எடை முழுவதையும் போட்டு உள்ளே அழுத்தி, வெடுக்கென்று ஊசியை மட்டும் உருவினேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வாலையும் பிளேடால் அறுத்தேன். காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மூக்கை டயரோடு வைத்துப் பார்த்தேன். ஒரு குமிழி கூட இல்லை. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

காலையில் அளந்தால் ராத்திரி இருந்த அளவே இருந்தது. டிராக் வரைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டினேன், அப்போதும் ஒரு புள்ளி இறங்கவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த ஒட்டு மோசமான ஒட்டு இல்லை. சாலைக்கு அது போதும், போதும் என்று நிரூபித்தும் காட்டிவிட்டது. என்னை ஏமாற்றியதும் அந்த நிரூபணம்தான்.

டிராக்கில் வண்டிச் சோதனை. பேட்டரி ஆடுகிறதா, பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறதா, வீல் நட் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கையில் கொடுத்த தாளில் 'டயர்களில் வெட்டு, வீக்கம், ஒட்டு எதுவும் இல்லை' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். டிக் அடித்தேன். ஸ்ட்ரிப்பின் வாலைப் பட்டனோடு மட்டமாக அறுத்திருந்ததால் சோதித்தவர் கண்ணில் படவில்லை. ராத்திரி அவ்வளவு நேர்த்தியாக அறுத்தது எதற்கு என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

முதல் செஷன் 20 நிமிஷம். நாலு டயரும் சரியாக 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு, நான் புள்ளி என்று சொல்வது இதைத்தான்) வைத்துக் கிளம்பினேன். மூன்று லேப், அதாவது டிராக்கை மூன்று சுற்று, அருமையாகப் போயிற்று. நாலாவது லேப்பில், வலதுபக்கம் திரும்புகிற நீளமான வளைவில், காரின் பின்பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னோடு வந்த மாதிரி இருந்தது. அடுத்த லேப்பிலும் அதே இடத்தில் அதே தயக்கம். என் ஸ்டீயரிங் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். புதிதாக டிராக் ஓட்டுகிறவனுக்கு எல்லாத் தப்பும் தன்னுடையதாகவே தெரியும், அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது.

பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டிகள் வந்து நிற்கிற இடத்துக்கு) வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்தேன். முன் இடது 38, முன் வலது 37, பின் வலது 36, பின் இடது 31. சந்தோஷம் தாங்கவில்லை. ஒட்டுப்போட்ட டயர்தான் கொஞ்சம்கூட மாறாமல் நிற்கிறது! பக்கத்து பிட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். பல வருஷமாக டிராக் ஓட்டுகிறவர். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, மத்த மூணும் ஆறு ஏழுன்னு ஏறியிருக்கு. இதுல ஏறினது எங்க போச்சு?"

அந்தக் கேள்வி புரிய எனக்குச் சில நொடிகள் பிடித்தன. டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறியே தீரும். 25 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உள்ளே 70 டிகிரிக்குச் சூடானால் கணக்குப்படி 37-க்குக் கிட்டே காட்ட வேண்டும். வலப்பக்க வளைவுகள் அதிகமுள்ள டிராக்கில் வண்டியின் எடை இடப்பக்கம் சாய்வதால் இடது டயர்கள்தான் கூடுதலாகச் சூடாகும். அப்படியென்றால் என் பின் இடது, பின் வலதை விட ஒரு புள்ளியாவது அதிகம் காட்டியிருக்க வேண்டும். 31 காட்டுகிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு பி.எஸ்.ஐ. வெளியே போயிருக்கிறது, சூடு அந்த இடத்தை நிரப்பி மறைத்திருக்கிறது.

சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். ராத்திரி ஒரு குமிழி இல்லாத இடத்தில் நுரை பொங்கியது. மட்டமாக அறுத்த ஸ்ட்ரிப் ஒரு நகம் அளவுக்கு வெளியே வந்து, ஓரமெல்லாம் நாராகக் கிழிந்து தொங்கியது. டயர் ஆறியபோது கேஜ் 24 காட்டியது. இன்னும் ஒரு செஷன் போயிருந்தால் என்று நான் ஆரம்பித்தபோது, பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நேர் பாதையின் கோடியைப் பார்த்தார். வண்டிகள் முழு வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கிற இடம் அது. நான் ஸ்டெப்னியை மாட்டினேன். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் வேடிக்கை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணக் கார் டயர் ஒன்றின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 28 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் பட்டனில் இருக்கும் எதையும் வெளியே இழுக்கும் விசை, அதன் சொந்த எடையைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. என் ஸ்ட்ரிப் 2 கிராம் இருந்திருக்கும் என்று வைத்தால், 2 கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் சும்மா தொங்கவில்லை. ஒட்டுப்போட்ட இடம் தரையைத் தொடும் கணத்தில் விசை அறுந்து, தரையை விட்டதும் மறுபடி இழுக்கும். நொடிக்கு 28 தடவை இந்த வெடுக் வெடுக். 100 கி.மீ. வேகத்தில் இதே விசை கால்வாசிதான், அரைக் கிலோ. நெடுஞ்சாலையில் தாங்கியது டிராக்கில் ஏன் தாங்கவில்லை என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதி, சூடும் நெளிவும். ஸ்ட்ரிப் என்பது, சூடேற்றிக் கெட்டிப்படுத்தாத ரப்பரில் ஊறிய நார். ஓட்டைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். சூடேற ஏற அது இளகும். வளைவில் டயர் பக்கவாட்டில் நசுங்கும்போது பட்டன் ஒரு பக்கம் போக, அடியில் இருக்கும் கம்பி அடுக்கு இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்ட்ரிப் அறுபடும். 20 நிமிஷ செஷனில் சராசரி வேகம் 120 என்று வைத்தாலும் 40 கி.மீ., அதாவது சுமார் 20,000 சுற்று. 20,000 தடவை அறுக்கப்பட்டும் அது முழுசாக வெளியே வராமல் இருந்ததே எனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் டயர் கடையில் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே லைட் அடித்துப் பார்த்ததும் கடைக்காரர், "அண்ணே, இதைக் காத்து இல்லாமலே ஓட்டியிருக்கீங்களா?" என்றார். இல்லவே இல்லை என்று சாதித்தேன். அவர் விரலை உள்ளே விட்டு ஒரு துடைப்புத் துடைத்துக் காட்டினார். விரல் நுனியில் கறுப்பு மாவு, பென்சில் சீவிய தூள் மாதிரி. சைடுவாலின் (டயரின் பக்கச் சுவரின்) உட்புறம் முழுக்கச் சுற்றி ஒரு பட்டை, தேய்ந்து மங்கலாக. காற்று குறைந்த டயரில் சைடுவால் மடிந்து மடிந்து தன்னையே அரைத்துக்கொண்டதன் அடையாளம் அது.

அப்போதுதான் நினைவு வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் அதே டயருக்கு இரண்டு தடவை காற்று அடித்திருந்தேன். முதல் தடவை 22, இரண்டாவது தடவை 20 காட்டியது. ஏன் குறைகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, அடித்தேன், போனேன். திருகாணியின் கூட்டல் குறி பாதி தேய்ந்திருந்ததே, அது அத்தனை நாள் என்னோடு சுற்றியிருக்கிறது. அத்தனை நாளும் டயர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது.

ஓட்டையின் உட்புறம் இன்னொரு விஷயம். திருகாணி நேராக இறங்காமல் சாய்வாகப் போயிருந்தது, கம்பி அடுக்கில் சில இழைகளை அறுத்திருந்தது. அறுந்த நுனிகளில் லேசாகத் துரு. ஓட்டை வழியாக உள்ளே போகும் ஈரம் கம்பியை அரிக்கும், கம்பியும் ரப்பரும் மெல்லப் பிரியும். ஸ்ட்ரிப் காற்றை நிறுத்தும், ஈரத்தை முழுசாக நிறுத்தும் என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து ஒட்டுப்போட்டால் இதெல்லாம் எதுவுமே கண்ணில் படாது. டயரைக் கழற்றாமல் போடுகிற எந்த ஒட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு போடுகிற ஒட்டுதான்.

முறையான ஒட்டு என்பது உள்ளேயிருந்து போடுவது. எங்கள் வட்டத்தில் அதை மஷ்ரூம் என்போம், காளான் மாதிரி ஒரு தண்டும் குடையும் இருப்பதால். குத்திய வழியிலேயே சீராகத் துளைத்து, உட்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை தடவி, தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடையைச் சின்ன உருளையால் காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டுவார்கள். தண்டு ஓட்டையை நிரப்பி ஈரத்தைத் தடுக்கும், குடை காற்றைத் தடுக்கும். இதற்கும் எல்லை உண்டு. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பட்டனின் நடுப்பகுதியில்தான் போடலாம். தோள்பட்டையிலும் (பட்டன் பகுதி முடிந்து பக்கச் சுவர் தொடங்குகிற ஓரம்) சைடுவாலிலும் கூடாது, ஏனென்றால் டயர் அதிகம் நெளிகிற இடங்கள் அவை. 25 டிகிரிக்கு மேல் சாய்வாகக் குத்தியிருந்தால் ஒரே துண்டுக் காளான் சரிப்படாது, தண்டையும் பேட்ச்சையும் தனித்தனியாகப் போட வேண்டும். காற்றில்லாமலோ காற்றுக் குறைந்தோ ஓடி உள்ளே அரைபட்ட டயருக்கு எந்த ஒட்டும் கிடையாது. என் டயர் அந்தக் கடைசி வகை. அது குப்பைக்குப் போனது.

சரி, மஷ்ரூம் போட்ட டயரை டிராக்கில் ஓட்டலாமா? இதில் ஓட்டுகிறவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சில ஏற்பாட்டாளர்கள் ஒட்டுப்போட்ட டயரையே உள்ளே விடுவதில்லை, சிலர் நடுப்பகுதியில் முறையான ஒட்டு என்றால் பரவாயில்லை என்கிறார்கள். நான் பார்ப்பது டயரின் பக்கவாட்டில் இருக்கும் வேக எழுத்தை, அந்த டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் ஆங்கில எழுத்து அது. டி (T) என்றால் 190 கி.மீ., எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. ஒட்டுப்போட்ட பிறகு இந்த எழுத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சில டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. தயாரித்தவரே கை கழுவுகிற இடத்தில் நான் ஏன் என் உடம்பைப் பந்தயம் வைக்க வேண்டும்? மஷ்ரூம் போட்ட டயர் என் வண்டியில் இப்போதும் ஒன்று இருக்கிறது, அன்றாடம் ஓடுகிறது, நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. டிராக் நாளில் அது வீட்டில் இருக்கும்.

பாட்டில் நுரை, அதாவது வால்வ் வழியாக உள்ளே அடித்து ஓட்டையை அடைக்கிற திரவம், அந்த விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அது நடுவழியில் நின்றவன் வீடு சேர்வதற்கு. போட்ட பிறகு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று பெரும்பாலும் பாட்டிலிலேயே எழுதியிருக்கும். உள்ளே கூழாகச் சுற்றிக்கொண்டிருப்பதால் பேலன்சிங் போய்விடும், பிறகு உள்ளேயிருந்து ஒட்டுப்போட வருகிறவரின் சாபமும் கிடைக்கும். ஒல்லி ஸ்டெப்னியும் அதே 80 கி.மீ. ரகம்தான், அதை மாட்டிக்கொண்டு டிராக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

அடுத்த வருஷம் மறுபடியும் பஞ்சர், இந்தத் தடவை டிராக்குக்கு மூன்று நாள் முன்னால். தோள்பட்டையில் ஆணி. யோசிக்க ஒன்றுமில்லை, புது டயர். ஒன்று வாங்குவதா, இரண்டா என்றுதான் தடுமாற்றம். பழைய டயரில் பட்டன் 5 மில்லிமீட்டர் மிச்சம், புதுசில் 8. ஒரே அச்சில் இரண்டையும் மாட்டினால் விட்டத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். இன்ஜின் சக்தி போகிற அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரமும் ரொம்ப வேறு வேகத்தில் சுற்றாமல் பிடித்து வைக்கிற கியர் அமைப்பு) இருந்தால், நேர் சாலையில்கூட இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இன்னும் மோசம், எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் தாங்கும் என்று வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும். சாதாரண வண்டியிலும், பிடிப்பு ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி இருந்தால் பிரேக் பிடிக்கும்போது தெரியும். ஜோடியாக வாங்கினேன். மிச்சமான நல்ல பழைய டயரைத் தனி ரிம்மில் மாட்டி ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டேன், அது வீண் போகவில்லை.

வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தேன். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். இரண்டு டயரும் பக்கத்துப் பக்கத்து வாரங்களில் செய்ததாகக் கேட்டு வாங்கினேன். கடையில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பரவாயில்லை.

புது டயரில் எனக்குத் தெரியாமல் போன விஷயம் ஒன்று. மூன்று நாள் முன்னால் வாங்கினேன், ஆனால் டிராக்குக்குப் போகிற வழியில்தான் முதல் தடவை அதில் ஓட்டினேன். டயரை வார்க்கிற அச்சிலிருந்து வந்த வழவழப்பு போகவே கொஞ்ச தூரம் ஆகும். முழு உயரப் பட்டன் வேறு, வளைவில் ஜெல்லி மாதிரி ஆடும், சீக்கிரம் சூடேறும், அடித்து ஓட்டினால் துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். முதல் செஷனை மற்றவர்களுக்கு வழிவிட்டபடி பாதி வேகத்தில் ஓட்டினேன். மெதுவாகச் சூடேற்றி, பிறகு முழுசாக ஆறவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் டிராக்கில் டயர் கூடுதல் நாள் வரும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். எனக்கு அதற்கு நேரம் இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே டயர்களைப் பார்த்திருந்தால் இருந்திருக்கும்.

அதே சமயம், சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலே வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கடையில் காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று இறுக்கி அனுப்பியதை நம்பிக்கொண்டு டிராக்கில் இறங்காதீர்கள். எனக்கு ஒரு நட் கால் சுற்று திரும்பியது. ஒன்றே ஒன்றுதான், ஆனால் திரும்பியது.

காற்றுக் குறைவது என்றாலே ஆணி என்று நினைத்ததும் என் இன்னொரு தப்பு. ஒரு தடவை பட்டன் முழுக்கத் தடவியும் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் வால்வின் மேல் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி. வால்வுக்குள் காற்றைத் தடுக்கிற ஊசி லூஸ். ரப்பர் வால்வ் வேகத்தில் வெளிப்பக்கமாக வளையும், பழசாகிவிட்டால் அடியில் விரிசல் விட்டுக் காற்றைக் கசியவிடும். டிராக்குக்கென்று வைத்திருக்கும் ரிம்களில் உலோக வால்வும், உள்ளே ரப்பர் வளையம் வைத்த உலோக மூடியும் போட்டுவிட்டேன். மூடி என்பது அழுக்கு போகாமல் இருக்க மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஊசி ஏமாற்றினால் அடுத்த காவல் அதுதான்.

டிராக்கின் தார்ப் பரப்பு பெரும்பாலும் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். ஆணி குத்துவது பிட்டுக்குப் பின்னால், வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கிற இடத்தில். நூறு பேர் பம்பரைக் கழற்றி, பிரேக் பேடை மாற்றி, கிளிப்பையும் திருகாணியையும் சிதறவிட்டுப் போன தரை அது. எனக்கு இடம் ஒதுக்கினதும் வண்டியை உள்ளே விடுவதற்கு முன்னால் இறங்கி நடந்து ஒரு பார்வை பார்ப்பேன். கயிற்றில் கட்டிய பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும், சிரித்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்.

2020-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் லூயிஸ் ஹாமில்டன் கடைசி லேப்பில் முன் இடது டயர் கிழிந்து தொங்க, மூன்று டயரில் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து ஜெயித்தார். பஞ்சர் பேச்சு வந்தாலே யாராவது அதைச் சொல்வார்கள். நியாயம்தான், அற்புதமான ஓட்டம். ஆனால் அவர் அந்த வண்டியில் திரும்பி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. நான் போக வேண்டும்.

இப்போது என் வழக்கம் டிராக்குக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பிக்கும். நாலு டயரையும் ஒரே நேரத்தில், வெயில் படாத இடத்தில், குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதிவைப்பேன். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளப்பேன். எண் என்ன என்பது முக்கியமில்லை, மற்ற மூன்றோடு சேர்ந்து நடக்கிறதா என்பதுதான். ஒன்று மட்டும் 2 புள்ளி பின்தங்கினால் சக்கரத்தைக் கழற்றுவேன். டிராக்கிலும் அப்படியே. ஒவ்வொரு செஷன் முடிந்ததும் எவ்வளவு ஏறியது என்று நாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். ஏறாத டயரைப் பார்த்து இன்னொரு தடவை சந்தோஷப்பட மாட்டேன்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணினான். முதல் தடவை டிராக்குக்குப் போகிறான், காலையில் கிளம்ப வேண்டும். குரலிலேயே படபடப்பு.

"அண்ணே, பின் டயர்ல ஆணி. ஸ்ட்ரிப் போட்டுட்டேன், சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்ல. போகலாம்தானே?"

"ஆணிய வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"கையிலதான் இருக்கு."

"தலை எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டார்ச்சைத் தேடுகிறான் போல.

"தேஞ்சு மழமழன்னு இருக்குண்ணே."

"அந்த டயருக்கு எத்தனை நாளா காத்து அடிச்சுக்கிட்டிருக்க?"

இந்தத் தடவை இன்னும் நீளமான அமைதி.

"ரெண்டு வாரமா," என்றான்.